அந்த நீலக் கட்டம் யாருக்கு?

நீலப் பலகையில், சக்கர நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருப்பது போன்ற வெள்ளைப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். 1968-ம் ஆண்டு சூசன் கோஃபோட் என்ற டென்மார்க் மாணவி வரைந்தது அது. முதலில் அதற்குத் தலையே இல்லை; பிறகுதான் ஒரு வட்டத்தைச் சேர்த்தார்கள். வண்டி நிறுத்தும் இடத்தில் இந்தப் படம் இருந்தால், அது மாற்றுத்திறனாளிகளின் வண்டிக்கு உரிய இடம்.

"நடக்க முடியாதவர் எப்படி வண்டி ஓட்டுவார்?" என்று கேட்கிறீர்களா? காரின் பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் கையால் இயக்கும்படி மாற்றி அமைக்கலாம். ஸ்கூட்டரின் பின்புறம் இரு பக்கமும் கூடுதல் சக்கரம் பொருத்தலாம். தகுதியுள்ளவர்களுக்கு இத்தகைய ஸ்கூட்டரைத் தமிழக அரசே இலவசமாக வழங்கி வருகிறது.

சரி, ஒரு கணக்குப் போடுவோமா? சிறிய கார் ஒன்றின் அகலம் சுமார் 1.6 மீட்டர். ஒரு காருக்கு வழக்கமாக ஒதுக்கும் இடத்தின் அகலம் சுமார் 2.5 மீட்டர். மீதி 90 செ.மீ. இரு பக்கமும் பிரித்தால் பக்கத்துக்கு 45 செ.மீ. சக்கர நாற்காலியின் அகலமோ ஏறக்குறைய 65 செ.மீ. எப்படி நுழையும்?

அதனால்தான், மாற்றுத்திறனாளிகளின் காருக்கு 3.6 மீட்டர் அகல இடம் வேண்டும், அது கட்டட வாசலிலிருந்து 30 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைகள் கூறின. இப்போது மீதி 2 மீட்டர்! கதவை முழுவதும் திறந்து, நாற்காலியை அருகில் வைத்து, நிம்மதியாக இறங்கலாம்.

'சும்மா கிடக்கிற இடம்தானே' என்று அங்கே ஒருவர் பைக்கை நிறுத்திவிட்டுப் போனால் என்ன ஆகும்? நாமாக இருந்தால் பைக்கை நகர்த்திவிடுவோம். ஊன்றுகோலுடன் நிற்பவர் என்ன செய்வார்? பைக்குக்காரர் வரும்வரை வெயிலில் காத்திருக்க வேண்டியதுதான்!

பெரம்பலூரில் ரயில் நிலையம் இல்லை. ரயில் ஏற அரியலூருக்குப் போகிறவர்கள் உண்டு. அங்கே வண்டியை நிறுத்த முடியாவிட்டால், மாற்றுத்திறனாளியின் பயணமே நின்றுவிடும். பேருந்து நிலையம், ரயில் நிலையம், விமான நிலையங்களில் அவர்களுக்கு ஏற்ற வண்டி நிறுத்துமிடம் வேண்டும் என்கிறது 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். ஆகவே இது சலுகை அல்ல, உரிமை.

உங்களுக்கு ஒரு வேலை. அடுத்த முறை பெரம்பலூர் பேருந்து நிலையத்துக்கோ அரியலூர் ரயில் நிலையத்துக்கோ பெரியவர்களுடன் போகும்போது கவனியுங்கள். நீலப் பலகை இருக்கிறதா? வாசலுக்கு அருகில் இருக்கிறதா? அங்கிருந்து படியில்லாமல் உள்ளே போக முடிகிறதா? குறை இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில், பெரியவர்கள் மூலம் மனு கொடுக்கலாம்.

இன்னொன்று. வீட்டார் யாராவது, "ரெண்டே நிமிஷம்தான்" என்று அந்தக் கட்டத்தில் வண்டியை நிறுத்தப் போனால், "அது நம்ம இடம் இல்லை" என்று அன்பாகச் சொல்லுங்கள். சொல்வீர்கள்தானே?