தொட்டு ஆடினால் தப்பா?
எலியட்ஸ் பீச் வீட்டில் உருவான ஜோடி நடனம்!

சென்னை பெசன்ட் நகர், எலியட்ஸ் பீச். சுண்டல் வியாபாரம், பலூன், காற்று வாங்க வரும் கூட்டம். அந்தக் கடற்கரையை ஒட்டிய வீட்டில் வாழ்ந்த நடனக் கலைஞர் சந்திரலேகா, 2001-ம் ஆண்டு ஒரு ஜோடி நடனம் அமைத்தார். பெயர் ‘சரீரா’. ஒரு ஆண், ஒரு பெண், அவ்வளவுதான்.

டூயட் என்றால் மரத்தைச் சுற்றி ஓடும் சினிமா ஜோடிதான் நம்ம ஆட்களுக்கு ஞாபகம் வரும். சபாக்களில் நடப்பது வேறு. அங்கே நாயகி ஒருத்தியே நின்று, வராத காதலனை நினைத்து உருகுவாள். தோழியிடம் புலம்புவாள். அந்த ஆள் கடைசி வரை கண்ணில் படமாட்டார்! ‘சரீரா’வில் அவர் மேடைக்கே வந்துவிட்டார். வந்ததோடு நிற்கவில்லை, தொட்டும் ஆடினார்.

அவசரம் இல்லை

ஏதோ கிளுகிளுப்பு என்று நினைத்துப் போனவர் ஏமாந்திருப்பார். கதை கிடையாது, அபிநயம் கிடையாது, சலங்கை கிடையாது. முதலில் பெண் மட்டும். தரையில் இருந்தபடி காலை மெல்ல மெல்ல உயர்த்துகிறாள். இப்படி மெதுவாகத் தூக்கி நடுங்காமல் நிறுத்துவது எத்தனை கஷ்டம் என்று வீட்டில் செய்து பார்த்தால் தெரியும். வயிறு பிடித்துக்கொள்ளும்! பின்னணியில் குந்தேச்சா சகோதரர்களின் துருபத் பாட்டு. அதுவும் அவசரமே இல்லாத சங்கீதம்.

பிறகுதான் ஆண் வருகிறார். ஆடியவர் ஷாஜி ஜான், களரிப்பயிற்று கற்றவர். எதிராளியின் உடம்பு எந்தப் பக்கம் அசையும் என்று கவனிப்பதுதான் களரிக்காரரின் தொழில். அதே கவனம் இங்கே ஜோடியின் பக்கம் திரும்புகிறது. அடிக்க அல்ல, காத்திருக்க. இந்த இடம்தான் ‘சரீரா’வின் உயிர். புருஷன் பெண்டாட்டி சேர்ந்து போய்ப் பார்த்திருந்தால், வீடு திரும்பும்போது கொஞ்ச நேரம் பேச்சே வந்திருக்காது.

பெண்ணாகப் பல ஆண்டுகள் ஆடியவர் கவிஞர் திஷானி தோஷி. இதற்கு முன் மேடை நடனக்காரர் அல்ல. இருபதுகளின் நடுவில் சந்திரலேகாவிடம் வந்து சேர்ந்தவர்.

வறட்சியும் யமுனையும்

சந்திரலேகா ஒன்றும் பரதம் தெரியாதவர் அல்ல. காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையின் சிஷ்யை. 1952-ல் அரங்கேற்றம். ராயலசீமா வறட்சி நிவாரணத்துக்காக நடந்த நிகழ்ச்சி அது. ஆடியதோ யமுனையில் நீர் விளையாட்டு! அங்கே ஜனங்கள் தண்ணீருக்குத் தவிக்க, இங்கே மேடையில் தண்ணீர் தெளித்து விளையாட்டா? ஆடும்போதே மனசு அடித்துக்கொண்டதாம். பிற்பாடு பல வருஷம் மேடையை விட்டே விலகி இருந்தார். 1985-ல் ‘ஆங்கிகா’வில் பரதத்தோடு களரியையும் யோகாவையும் சேர்த்தார்.

போலீசையும் பார்த்தவர்தான். 1982-ல் அவர் மீதும் நண்பர் சதானந்த் மேனன் மீதும் ராஜதுரோக வழக்கு! டான்சுக்காக அல்ல. கண்டனம் கிளம்பியது, வழக்கு கைவிடப்பட்டது. பின்னாளில் ‘சரீரா’வுக்கு விளக்கு அமைத்தவரும் இதே மேனன்தான்.

சந்திரலேகா கடைசியாக அமைத்த நடனம் ‘சரீரா’. 2006 டிசம்பர் 30-ந் தேதி அவர் காலமானார். அதற்குப் பிறகும் அந்த ஜோடி பல ஊர் மேடைகளில் இதை ஆடியது.