போ இல்லாத புளூ ஜேஸ்

போ பிஷெட் நியூயோர்க் மெட்ஸ் அணிக்குப் போய்விட்டார். மூன்று ஆண்டுக்கு 126 மில்லியன் டொலர். ஜனவரியில் அந்தச் செய்தி வந்ததிலிருந்து, ஸ்காபரோவில் என் சலூனுக்கு வருகிறவர்கள் கதிரையில் உட்கார்ந்து கழுத்தில் துணி கட்டுவதற்கு முன்னமே கேட்கிறார்கள்: “அண்ணை, போ இல்லாமல் இந்த வருசம் என்ன செய்யப் போறாங்கள்?”

கத்தரிக்கோலும் கையுமாக ஆளுக்கொரு துண்டாகச் சொன்ன பதிலை இங்கே முழுதாகச் சொல்லிவிடுகிறேன். ரொறன்ரோ புளூ ஜேஸ் இந்த ஆண்டும் நல்ல அணி. பந்தெறிவதில் சென்ற ஆண்டைவிடப் பலமான அணி. அடிப்பதில்தான் எனக்குக் கவலை.

பேஸ்பால் பார்த்துப் பழகாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். மேஜர் லீக்கில் 30 அணிகள். அவற்றில் 29 அமெரிக்காவில் இருக்கின்றன. கனடாவுக்கு இருப்பது புளூ ஜேஸ் ஒன்றுதான். மார்ச் கடைசியில் தொடங்கி செப்டெம்பர் கடைசி வரை ஒவ்வோர் அணியும் 162 ஆட்டங்கள் ஆடும். அதாவது, அநேகமாகத் தினமும் ஆட்டம். 95 ஆட்டங்களை வென்ற அணியை ஊரே கொண்டாடும். அந்த அணியும் 67 ஆட்டங்களில் தோற்றிருக்கும். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த என் வாடிக்கையாளர்களுக்கு லேசில் பிடிபடாதது இந்தத் தோல்விக் கணக்குத்தான். ஏப்ரலில் வரிசையாக நான்கு ஆட்டம் தோற்றால் எல்லாம் முடிந்தது என்கிறார்கள். முடியாது. அதேநேரம், ஏப்ரலில் கைவிட்ட ஓர் ஆட்டம் செப்டெம்பரில் வந்து கழுத்தைப் பிடிக்கவும் செய்யும். சென்ற ஆண்டு ரொறன்ரோவும் அதே பிரிவில் ஆடும் நியூயோர்க் யாங்கீஸும் ஆளுக்கு 94 வெற்றியோடு நின்றன. இரண்டும் நேருக்கு நேர் ஆடிய 13 ஆட்டங்களில் ரொறன்ரோ 8 வென்றிருந்ததால் பிரிவில் முதலிடம் எங்களுக்கு வந்தது. அந்த எட்டில் நான்கு, கனடா நாளை ஒட்டி இங்கே ரொறன்ரோவில் அடுத்தடுத்து வந்தவை.

அதற்கு முந்தைய ஆண்டு, 2024இல், இதே அணி 74 வெற்றி, 88 தோல்வியோடு பிரிவில் கடைசியாகக் கிடந்தது. ஒரே ஆண்டில் கடைசியிலிருந்து, கிண்ணத்துக்கான இறுதிப் போட்டியான உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம் வரை வந்தார்கள். 1992, 1993 ஆண்டுகளில் கிண்ணம் வென்ற பிறகு ரொறன்ரோ அதுவரை உலகத் தொடரையே கண்டதில்லை.

அந்த ஏழாவது ஆட்டத்தைப் பற்றிக் கதைக்காமல் இந்த ஆண்டைப் பற்றிக் கதைக்க முடியாது. லொஸ் ஏஞ்சலஸ் டொட்ஜர்ஸுக்கு எதிராகக் கடைசி இன்னிங்ஸான ஒன்பதாவது தொடங்கும்போது ரொறன்ரோ 4–3 என்று முன்னணியில் இருந்தது. ஒருவர் ஆட்டமிழந்தாயிற்று, இன்னும் இருவர் போதும். அப்போது அடிக்க வந்தவர் மிகேல் ரோஹாஸ், அவர்களின் வரிசையில் கடைசி ஆள், ஹோம் ரன்னுக்குப் பேர்போனவரல்ல. ஜெஃப் ஹொஃப்மன் எறிந்த பந்தை இடப்பக்க வேலிக்கு அப்பால் போட்டார். 4–4.

நான் திரும்பத் திரும்பப் பார்த்தது அதை அல்ல, அதே இன்னிங்ஸின் மறுபாதியை. பிஷெட் ஓர் அடி அடித்து முதல் பேஸுக்குப் போகிறார். செப்டெம்பரில் அடிபட்ட முழங்கால் இன்னும் ஆறவில்லை, ஓட முடியாது. அவருக்குப் பதிலாக ஓட ஐசையா கைனர்-ஃபலேஃபாவை இறக்குகிறார்கள். கொஞ்ச நேரத்தில் மூன்று பேஸிலும் ஆள். ஒருவர் மட்டுமே ஆட்டமிழந்திருக்கிறார். மூன்றாம் பேஸில் நிற்கும் கைனர்-ஃபலேஃபா வீடு வந்து சேர்ந்தால் கிண்ணம் ரொறன்ரோவுக்கு. டோல்டன் வார்ஷோ பந்தைத் தரையோடு அடிக்கிறார். அதைத் தடுத்தவர் அதே ரோஹாஸ். நிலைதடுமாறி, சமாளித்து, ஹோம் பிளேட்டுக்கு எறிகிறார். பிடிப்பவரின் கால் பிளேட்டிலிருந்து எழும்பித் திரும்பப் பதிகிறது. ஓடி வந்தவர் சறுக்கி வந்து சேர்ந்தபோது அரையடிகூடப் பிந்தவில்லை. ஆனால் பிந்திவிட்டார். நேராகப் பறக்கும் பந்து பிடிபட்டால் தானும் சேர்ந்து ஆட்டமிழக்கக் கூடாதென்று அவர் பேஸை ஒட்டியே நின்றிருந்தார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. பதினோராவது இன்னிங்ஸில் வில் ஸ்மித் ஹோம் ரன் அடித்தார், ஆட்டம் 5–4 என்று முடிந்தது.

அரையடியில் தோற்ற அணியை உடைத்துத் திருத்தத் தேவையில்லை. அதே வேலையை இன்னொரு முறை செய்தால் போதும். இந்த நம்பிக்கைக்குக் காரணம் இருக்கிறது. இந்தக் காலத்தில் அநேக அணிகள் ஒவ்வொரு பந்தையும் வேலிக்கு அப்பால் போடத்தான் மட்டையைச் சுழற்றுகின்றன. பட்டால் ஹோம் ரன், படாவிட்டால் மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியே. ரொறன்ரோ அப்படி ஆடவில்லை. இரண்டு ஸ்ட்ரைக் விழுந்த பிறகும் பந்தில் மட்டையைப் பட வைத்து, எதிரணியைப் பிடிக்கவும் எறியவும் ஓடவும் விட்டார்கள். அணியின் மட்டையடிச் சராசரி .265, மேஜர் லீக்கிலேயே அதுதான் மேல். வேறு அணிகள் வேண்டாமென்று விட்ட எர்னி கிளெமென்ட், ஒரே ஆண்டின் பிளேஓஃப் ஆட்டங்களில் 30 ஹிட் அடித்துச் சாதனை வைத்தார்.

பிஷெட் அந்த ஆட்டமுறையின் நடுத்தூண். .311 சராசரி, 94 ஓட்டங்களை வீட்டுக்கு அனுப்பியவர். அவருடைய ஷோர்ட்ஸ்டொப் இடத்தில் இனி ஆண்ட்ரேஸ் ஹிமெனெஸ் நிற்பார். பந்தைத் தடுப்பதில் பிஷெட்டைவிட எவ்வளவோ மேல். மட்டையில் அந்த அளவுக்கு வரமாட்டார். இழந்த அடியை ஈடுசெய்ய ஜப்பானிலிருந்து கசூமா ஒகமோட்டோவை நான்கு ஆண்டுக்கு 60 மில்லியனுக்கு எடுத்திருக்கிறார்கள். யோமியூரி ஜயன்ட்ஸுக்காகத் தொடர்ந்து ஆறு ஆண்டுகள் 30 ஹோம் ரன்னுக்குக் குறையாமல் அடித்தவர். ஆனால் இங்கே பந்து அங்கே வருவதைவிட வேகமாக வரும். அவர் பழகிக்கொள்ள மே மாதம் வரையாவது பொறுக்க வேண்டும். ஏப்ரலில் அவரைத் திட்டிக்கொண்டு என் கடைக்கு யாரும் வர வேண்டாம்.

பந்தெறிவதில்தான் பெரிய முதலீடு. டிலன் சீஸுக்கு ஏழு ஆண்டுக்கு 210 மில்லியன். ஓட்டங்களையும், முதல் பேஸுக்கான இலவச நடைகளையும் கொஞ்சம் தாராளமாகக் கொடுப்பார் என்பது உண்மை. ஆனால் ஐந்து ஆண்டாக ஒவ்வோர் ஆண்டும் 200 பேருக்கு மேல் ஸ்ட்ரைக் அவுட் ஆக்கியிருக்கிறார், தன் முறை வந்த நாளில் வராமல் நின்றதும் அபூர்வம். கெவின் கோஸ்மன் இருக்கிறார். கொரிய லீக்கில் 2025இன் சிறந்த வீரரான கோடி பொன்ஸ் வந்திருக்கிறார். தரையைத் தொடுவதுபோல் கையைத் தாழ்த்தி எறியும் டைலர் ரோஜர்ஸ் கடைசி இன்னிங்ஸ்களுக்கு.

பிறகு ட்ரே யெசவேஜ். 2025 வசந்தத்தில் இந்தப் பையன் புளோரிடாவின் டனீடினில், கீழ்நிலை லீக்கில் எறிந்துகொண்டிருந்தார். செப்டெம்பரில் மேலே வந்தார். அக்டோபரில், 22 வயதில், உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் டொட்ஜர்ஸின் 12 பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார். ஒருவருக்கும் இலவச நடை கொடுக்கவில்லை. பந்து அவர் கையை விடுவது ஏழடி உயரத்திலிருந்து. சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே இடுக்கி எறியும் ஸ்பிளிட்டர், நேரான வேகப்பந்து போலவே வந்து, மட்டை கிளம்பிய பிறகு கீழே விழுகிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். ஆனால் வழமையான ஆட்டங்களில் அவர் தொடங்கியவை மூன்றே மூன்று. இளம் தோளை ஏப்ரலிலிருந்தே பிழிந்தெடுக்கக் கூடாது. பயிற்சியாளர் ஜோன் ஷ்னைடரிடம் நான் எதிர்பார்க்கும் நிதானம் அதுதான்.

கவலை யார்மேல் என்றால், ஜோர்ஜ் ஸ்பிரிங்கர்மேல். 2024இல் .220 அடித்துத் தேய்ந்துபோனவர், சென்ற ஆண்டு .309, 32 ஹோம் ரன் என்று எழுந்தார். இப்போது வயது 36. இன்னுமோர் ஆண்டு அப்படி அடிப்பார் என்று திட்டம் போடுவது துணிச்சல். அவர் பாதியாகக் குறைந்தால் பாரம் முழுவதும் விளாடிமிர் கெரேரோ ஜூனியரின் தலையில் விழும். 14 ஆண்டுக்கு 500 மில்லியன் வாங்கும் அவர் அக்டோபரில் 8 ஹோம் ரன் அடித்து அதற்கு நியாயம் செய்தார். ஆனாலும் எதிரணிகள் அவருக்கு அடிக்கக்கூடிய பந்தே கொடுக்காமல் நடக்க விட்டால், அடுத்து வருபவர் தண்டனை கொடுக்க வேண்டும். போன வருசம் அந்த வேலையைச் செய்ய போ இருந்தார்.

என் கணிப்பு 90 வெற்றிக்குக் கொஞ்சம் மேல், முதலிடத்துக்கு யாங்கீஸோடு கடைசி வாரம் வரை இழுபறி. கைல் டக்கரையும் 240 மில்லியனுக்கு வாங்கிக்கொண்ட டொட்ஜர்ஸ் அக்டோபரில் காத்திருப்பார்கள், அது வேறு கதை. ஸ்பிரிங்கர், கோஸ்மன் இருவரின் ஒப்பந்தமும் இந்த சீசனோடு முடிகிறது. இதே ஆட்கள் அடுத்த வசந்தத்தில் ஒன்றாக நிற்கமாட்டார்கள். ஆகவே, கோடை நடுவில் வீரர்களை மாற்றிக்கொள்ளும் கெடு நெருங்கும்போது, கெரேரோவுக்குப் பின்னால் நிற்க நன்றாக அடிக்கும் ஒருவர் தேவைப்பட்டால், பொது மேலாளர் ரொஸ் அட்கின்ஸ் கீழ்நிலை லீக்கில் வைத்திருக்கும் இளம் பிள்ளைகளில் இரண்டு பேரைக் கொடுத்தாவது அவரை வாங்கிவிட வேண்டும்.