தீயணைப்பு வீரர் தலைக்கவசம்

தீயணைப்பு வீரர் தலைக்கவசம் என்பது தீயணைப்பு, மீட்புப் பணிகளில் ஈடுபடுவோர் விழும் பொருட்கள், வெப்பம், தீப்பொறி, சுடுநீர், மின்னதிர்ச்சி ஆகியவற்றிலிருந்து தலையைக் காத்துக்கொள்ள அணியும் பாதுகாப்புக் கருவி ஆகும். பேச்சு வழக்கில் இது ஹெல்மெட் என்றே அழைக்கப்படுகிறது. பார்வைக்கு ஒரே பொருளாகத் தோன்றினாலும், இது பல உறுப்புகள் சேர்ந்த ஓர் அமைப்பு. தலைக்குச் சரியாகப் பொருத்தப்படாத கவசமும் கரி படிந்த கவசமும் பாதுகாப்புத் தருவதற்குப் பதிலாகத் தீங்கு விளைவிக்கக் கூடும்.

வரலாறு

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நியூயார்க்கில் என்றி கிராட்டாகாப் என்பவர் தோலால் ஆன தலைக்கவசத்தை உருவாக்கினார். பின்புறம் நீண்ட அதன் விளிம்பு, நீர் கழுத்தில் வழியாமல் தடுத்தது. இலண்டன் தீயணைப்புப் படையில் 1860களில் பித்தளைக் கவசங்கள் அறிமுகமாயின. மின்சாரம் பரவலான பின்னர், மின்கடத்தியான பித்தளை ஆபத்தானது என உணரப்பட்டு 1930களில் கைவிடப்பட்டது. இந்தியாவில் உலோகமல்லாத தீயணைப்புத் தலைக்கவசங்களுக்கு ஐ.எஸ். 2745 (1983) என்னும் தரவரையறையும், ஐரோப்பாவில் ஈ.என். 443 என்னும் தரவரையறையும் உள்ளன.

அமைப்பு

- ஓடு: கண்ணாடியிழை வலுவூட்டிய நெகிழி அல்லது வெப்பந்தாங்கும் பிற நெகிழிகளால் ஆன வெளிப்பகுதி.
- அதிர்ச்சி தாங்கும் உட்பகுதி: ஓட்டின் உள்ளே அமைந்த நுரைப்பொருள்.
- தாங்கு நாடாக்கள்: ஓடு தலையைத் தொடாமல் தூக்கி நிறுத்துபவை.
- தலைப்பட்டை: தலையின் சுற்றளவுக்கு ஏற்பப் பின்புறத் திருகுக்குமிழால் இறுக்கப்படுவது.
- தாடை வார், முகக்காப்பு, காதையும் பிடரியையும் மூடும் துணி.

ஓட்டிற்கும் உச்சந்தலைக்கும் இடையே உள்ள இடைவெளியே இவ்வமைப்பின் உயிர்நாடி. ஒரு கிலோகிராம் எடையுள்ள கல் 3 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் அதன் ஆற்றல் சுமார் 30 ஜூல் ஆகும். அக்கல் 3 சென்டிமீட்டர் தொலைவுக்குள் படிப்படியாக நிறுத்தப்பட்டால் சராசரி விசை சுமார் 1,000 நியூட்டன். 3 மில்லிமீட்டருக்குள் நிறுத்தப்பட்டால் அதுவே சுமார் 10,000 நியூட்டனாக உயரும். ஓட்டின் உறுதி மட்டும் தலையைக் காப்பதில்லை. நாடாக்கள் நீளவும் நுரை நசுங்கவும் கிடைக்கும் இடமே காக்கிறது என்பது இதிலிருந்து விளங்கும்.

பயன்பாட்டுச் சூழல்

தமிழ்நாட்டில் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையின் நிலையங்கள் தீயணைப்பதுடன் பலவகை மீட்புப் பணிகளையும் மேற்கொள்கின்றன. ஈரோடு மாவட்டத்தின் சத்தியமங்கலம் வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். கொங்கு நாட்டில் நூற்பாலைகள், கழிவுப் பஞ்சுக் கிடங்குகள், தென்னை நார் ஆலைகள் மிகுதி. பஞ்சுப் பொதியில் பற்றிய தீ உள்ளேயே கனன்றுகொண்டிருக்கும் ஆதலால், பொதிகளைப் பிரித்து அணைக்க நெடுநேரம் புகையில் நிற்க வேண்டியிருக்கும். பாறையை வெட்டித் தோண்டிய ஆழமான கிணறுகளில் விழுந்தவர்களையும் கால்நடைகளையும் மீட்கும்போது, பக்கச் சுவரிலிருந்து பெயரும் கற்களே முதன்மை ஆபத்து.

2013இல் அறிவிக்கப்பட்ட சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் வறண்ட இலையுதிர் காடுகளில் கோடைக்காலத்தில் காட்டுத்தீ ஏற்படுவதுண்டு. கட்டடத் தீக்கான கவசம் பொதுவாக ஒரு கிலோகிராமுக்கும் மேல் எடையுள்ளது. அதை அணிந்து வெயிலில் மலையேறுவது உடலை விரைவில் சோர்வடையச் செய்யும். எனவே காட்டுத்தீப் பணிக்கு எடை குறைந்த, காற்றோட்டமுள்ள கவசமே ஏற்றது.

பொருத்துதல்

1. தலைப்பட்டை நெற்றியில் புருவத்திற்கு ஏறத்தாழ இரண்டு விரல் மேலே, கிடைமட்டமாக அமைய வேண்டும். கவசத்தைப் பின்னுக்குத் தள்ளி அணிந்தால் நெற்றி காப்பின்றிப் போகும்.
2. திருகுக்குமிழை வலிக்காத அளவுக்கு இறுக்க வேண்டும். தாடை வாரைப் பூட்டாமல் குனிந்து தலையை மெதுவாக அசைக்கும்போது கவசம் நழுவக் கூடாது.
3. தாடை வாரைப் பூட்டியபின், வாருக்கும் தாடைக்கும் இடையே ஒரு விரல் நுழையும் இடம் போதுமானது. வார் பூட்டப்படாத கவசம் முதல் அடியிலேயே கழன்றுவிடும். இரண்டாம் அடி வெறுந்தலையில் விழும்.
4. மூச்சுக்கருவியின் முகமூடியையும் தீத்தடுப்புத் தலையுறையையும் அணிந்த நிலையில் மீண்டும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். இவை தலையின் சுற்றளவை மாற்றிவிடும்.
5. பிடரித்துணியை முழுவதும் இறக்கி, சட்டைக் கழுத்துப்பட்டையின் மேல் படியுமாறு விட வேண்டும்.

வியர்வைக்காகத் துண்டை மடித்து உள்ளே வைப்பது, கையுறை, கைபேசி போன்றவற்றை ஓட்டினுள் செருகுவது ஆகியவை தவிர்க்கப்பட வேண்டியவை. மேலே கூறிய இடைவெளியை இவை அடைத்துவிடுகின்றன.

மாசும் உடல்நலமும்

கரி படிந்த தலைக்கவசம் அனுபவத்தின் அடையாளமாகப் பல நாடுகளில் கருதப்பட்டு வந்தது. புகைக்கரியில் பல்வளைய நறுமண ஐதரோகார்பன்கள் உள்ளிட்ட நச்சுப் பொருட்கள் உள்ளன. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2022இல் தீயணைப்புப் பணியைப் புற்றுநோய் விளைவிக்கும் தொழிற்சூழல்களின் முதற்பிரிவில் சேர்த்தது. மீசோதீலியோமா, சிறுநீர்ப்பைப் புற்றுநோய் ஆகியவற்றிற்குப் போதிய சான்று உள்ளதாக அது அறிவித்தது. நெற்றியையும் கழுத்தையும் நேரடியாகத் தொடும் தலைப்பட்டை, பிடரித்துணி ஆகியவற்றில் படியும் கரி, வியர்வையுடன் கலந்து தோலில் ஒட்டிக்கொள்கிறது. ஆகவே ஓட்டின் பளபளப்பைவிட உட்புறத் துணிகளின் தூய்மையே இன்றியமையாதது.

தூய்மை செய்தல்

தீ நிகழ்விடத்திலேயே கவசத்தை நீரால் அலசிவிடுவது முதற்படி. கரி உலர்ந்து இறுகும் முன்னரே பெரும்பகுதி நீங்கிவிடும். நிலையத்திற்குத் திரும்பியபின் கையுறை அணிந்து பின்வருமாறு செய்யலாம்.

- தலைப்பட்டை, பிடரித்துணி, நுரைப்பட்டை ஆகியவற்றைத் தயாரிப்பாளரின் கையேட்டின்படி கழற்றி, மென்மையான சோப்புக் கரைசலில் தனியே கையால் கசக்கி அலச வேண்டும்.
- ஓட்டை மென்மையான தூரிகையால் கழுவ வேண்டும். நீர் 40 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக இருத்தல் கூடாது.
- முகக்காப்பை முதலில் நீரால் அலசிய பின்னரே துடைக்க வேண்டும். உலர்ந்த துணியால் தேய்த்தால் தூசி கீறல்களை ஏற்படுத்தும்.
- பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர், வெளுப்புத்தூள் ஆகியவற்றைப் பயன்படுத்தக் கூடாது. இவை நெகிழியையும் இழைகளையும் நலிவுறச் செய்யும்.
- காற்றோட்டமுள்ள நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலின் புற ஊதாக் கதிர்கள் ஓட்டையும் நாடாக்களையும் நொறுங்கும் தன்மையுடையனவாக்கும்.

கரி படிந்த உறுப்புகளை வீட்டிற்கு எடுத்துச்சென்று குடும்பத்தினரின் துணிகளுடன் துவைப்பது தவிர்க்கப்பட வேண்டும். ஆயுத பூசையன்று இடப்படும் சந்தனம், குங்குமம் ஆகியவற்றை ஒளி எதிரொளிக்கும் பட்டைகளில் படாமல் இடுவதும், பின்னர் துடைத்துவிடுவதும் நல்லது.

ஆய்வும் ஆயுட்காலமும்

ஒவ்வொரு பணிக்குப் பின்னும் ஓட்டில் விரிசல், கொப்புளம், நிறமாற்றம், வெண்பொடி உதிர்தல் ஆகியன உள்ளனவா எனப் பார்க்க வேண்டும். நாடாக்களின் தையல், திருகுக்குமிழின் பற்கள், தாடை வாரின் கொக்கி ஆகியவற்றையும் சோதிக்க வேண்டும். பலத்த அடி வாங்கிய கவசத்தை, வெளியே குறி எதுவும் தெரியாவிடினும், விலக்கிவிட வேண்டும். ஒருமுறை நசுங்கிய நுரை மறுமுறை அதே அளவு அதிர்ச்சியைத் தாங்காது. ஓட்டிற்கு மீண்டும் வண்ணம் பூசுவது விரிசலை மறைத்துவிடும். விளக்குப் பொருத்துவதற்காகத் துளையிடுவது ஓட்டின் வலிமையைக் குறைக்கும்.

அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் நெறிகள் கவசத்தின் உச்ச ஆயுளைத் தயாரிப்பு நாளிலிருந்து 10 ஆண்டுகள் என வரையறுத்தன. வீரருக்கு வழங்கப்பட்ட நாள் இங்குக் கணக்கில் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது. தயாரிப்பு நாள் பொதுவாக உட்புறத்தில் குறிக்கப்பட்டிருக்கும்.

வரம்புகள்

ஓடு, காரைத்துண்டு, சிறு கல் போன்றவற்றின் அடியையே தலைக்கவசம் தணிக்கும்; இடிந்து விழும் கட்டடத்தை அது தாங்காது. 2020 நவம்பரில் தீபாவளியையொட்டி மதுரையில் ஒரு துணிக்கடையில் பற்றிய தீயை அணைக்கும்போது பழைய கட்டடம் இடிந்து இரண்டு தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தனர். எனவே கட்டடத்தின் நிலையை மதிப்பிட்டு, தேவைப்படின் விலகி நிற்பதும் தலையைக் காக்கும் முறைகளுள் ஒன்றாகவே கொள்ளப்பட வேண்டும்.

இவற்றையும் பார்க்க

- தீயணைப்பு
- காட்டுத்தீ
- மூச்சுக்கருவி
- சத்தியமங்கலம்