டிரெய்லர் ஏசிக்கு வீட்டுக் கரண்ட் போதுமா?

டெக்சாஸ் கோடையில் டிராவல் டிரெய்லருக்குள் ஏசி இல்லாமல் படுக்க முடியாது. பிக்கப் டிரக்கில் கொக்கி மாட்டி இழுத்துப் போகும் இந்தச் சக்கர வீட்டில் கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உண்டு. சுவர்தான் மெல்லிசு, வெயில் நேரே உள்ளே இறங்கும். கிளம்புவதற்கு முந்தின நாளே வாசலில் நிறுத்தி, வீட்டுக் கரண்டில் குளிரவைத்துக்கொள்ளலாம் என்று பலரும் நினைக்கிறார்கள்.

டாலஸிலிருந்து ஒரு நண்பர் போன் செய்தார். "அண்ணே, கராஜ் பிளக்ல மாட்டினேன். லைட் எரியுது. ஏசி போட்டா ஒரு உறுமு உறுமிட்டு, படக்குன்னு எல்லாம் போயிடுது."

"எந்த ஒயர்ல குடுத்தீங்க?"

"புல்வெட்டுற மிஷினுக்கு வச்சிருந்த ஆரஞ்சு ஒயர்தாண்ணே."

பாதி நோய் அதிலேயே தெரிந்துவிட்டது.

டிரெய்லர் கூரையில் உட்காரும் ஏசி பெரும்பாலும் 13,500 அல்லது 15,000 பிடியூ. 12,000 பிடியூ ஒரு டன் என்பதால், பெரியதே ஒன்றேகால் டன்தான். ஆனால் நம் ஊரில் 230 வோல்ட். அமெரிக்க வீட்டுச் சாதாரண பிளக்கில் 120. வோல்ட் பாதியானால் அதே வேலைக்கு ஆம்பியர் இரட்டிப்பாகும். ஓடும்போதே இந்த ஏசி 12 முதல் 15 ஆம்ப் வரை இழுக்கும். கராஜ் பிரேக்கர் 15 அல்லது 20 ஆம்ப். மணிக்கணக்கில் ஓடும் பளுவுக்கு அதில் 80 சதவீதம்தான் கணக்கு. அதாவது 12 அல்லது 16. அதே லைனில் வாட்டர் ஹீட்டரும் ஓடினால் பிரேக்கர் விழாமல் என்ன செய்யும்? ஃபிரிட்ஜையும் ஹீட்டரையும் கேஸுக்கு மாற்றிவிட்டு, 20 ஆம்ப் லைனை ஏசிக்கென்றே விட்டால் ஓடும்.

ஓடுவதைவிடக் கிளம்புவதுதான் பெரும்பாடு. கம்ப்ரஸர் உருள ஆரம்பிக்கும் அந்த அரை வினாடிக்குள் 50, 60 ஆம்ப் கேட்கும். இப்போது நம் வீடுகளில் மாட்டும் இன்வெர்ட்டர் ஏசி மெதுவாக வேகமெடுக்கும். டிரெய்லர் ஏசிகளில் பெரும்பாலானவை ஒரே வேகத்தில் ஓடுபவை. எடுத்த எடுப்பிலேயே முழுப் பலமும் வேண்டும்.

இங்கேதான் ஒயர் வருகிறது. நண்பரின் ஆரஞ்சு ஒயர் 16 கேஜ், 50 அடி. கேஜ் எண் கூடக் கூட ஒயர் மெலியும். போக வர 100 அடிச் செம்பில் சுமார் 0.4 ஓம் தடை. 13 ஆம்ப் ஓடும்போது 5 வோல்ட் வழியிலேயே போய்விடும். கிளம்பும்போது 50 ஆம்ப் என்றால் 20 வோல்ட்! 120க்குப் பதில் 100 வோல்ட்தான் கம்ப்ரஸருக்குக் கிடைக்கும். மோட்டார் திணறி நின்று சுடும். பல நாள் இப்படி நடந்தால் காயிலே கருகும். அதே நீளத்துக்கு 10 கேஜ் ஒயர் போட்டால் இழப்பு நாலில் ஒரு பங்கு. கடையில் விலை பார்த்து மெல்லிய ஒயரை எடுக்காதீர்கள். நண்பர் 10 கேஜ் வாங்கி, 20 ஆம்ப் பிளக்கில் கொடுத்தார். ஏசி நிற்காமல் ஓடுகிறது.

காட்டுக்குள் பிளக் கிடையாது, ஜெனரேட்டர்தான். இங்கே பலர் வைத்திருக்கும் ஹோண்டா இயூ2200ஐ-யின் பெயரில் 2200 இருந்தாலும் தொடர்ந்து தருவது 1800 வாட், 15 ஆம்ப். 13,500 பிடியூ ஏசியை ஓட்டும், கிளப்பத்தான் திணறும். சாஃப்ட் ஸ்டார்ட்டர் என்ற சிறு பெட்டியை ஏசிக்குள் பொருத்தினால் அந்த முதல் இழுப்பு பாதிக்கும் கீழே வரும். என் பார்வையில், இரண்டாவது ஜெனரேட்டர் வாங்குவதற்கு முன் வாங்க வேண்டியது அதைத்தான். மலையேறுகிறவர்கள் இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள்: 1,000 அடிக்குச் சுமார் 3 சதவீதம் சக்தி குறையும். கொலராடோவில் 8,000 அடியில் கிட்டத்தட்ட கால் பங்கு காணாமல் போகும்.

ஏசி நின்றுவிட்டால் உடனே போடாதீர்கள். உள்ளே கேஸ் அழுத்தம் சமமாக மூன்று நிமிடமாவது ஆகும். ஜெனரேட்டரை டிரெய்லரிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகை வேறு பக்கம் போகும்படி வையுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்குகிறவர்களை எழுப்பாமலே கொன்றுவிடும். டிரெய்லருக்குள் இருக்கும் அதன் அலாரம் வேலை செய்கிறதா என்று கிளம்பும் முன்பே அழுத்திப் பாருங்கள்.

வீட்டிலேயே 30 ஆம்ப் டிரெய்லர் சாக்கெட் வைக்கச் சொல்பவர்கள் எலக்ட்ரீஷியனிடம் "120 வோல்ட்" என்று எழுதியே கொடுத்துவிடுங்கள். துணி உலர்த்தும் மிஷினுக்கான 30 ஆம்ப் சாக்கெட்டில் வருவது 240. பழக்கத்தில் அதையே இதிலும் இணைத்துவிடுகிறார்கள். மாட்டிய நொடியில் டிரெய்லரில் உள்ள மின்சாதனங்கள் வெந்துபோகும். புது சாக்கெட்டில் முதலில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 120ஐ ஒட்டிக் காட்டினால் மாட்டுங்கள். 240 காட்டினால் பிளக்கைக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள்.