மார்க் போடாத முக்கால் மணி நேரம்

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் உள்ள ட்ரெக்செல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். 39 பேரிடம் முதலில் எச்சில் மாதிரி வாங்கினார்கள். பிறகு மேசையில் ஸ்கெட்ச் பேனா, காகிதம், களிமண், வெட்டி ஒட்டுவதற்கான பொருள்கள் எல்லாவற்றையும் வைத்து, பிடித்ததைச் செய்யச் சொன்னார்கள். 45 நிமிடம் கழித்து மறுபடியும் எச்சில் மாதிரி. சுமார் 75 சதவீதம் பேருக்கு, மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்டிசால் குறைந்திருந்தது. 2016-இல் வெளியான இந்த ஆய்வில், ஏற்கெனவே வரைந்து பழகியவர்களுக்கும் பழக்கமே இல்லாதவர்களுக்கும் பலனில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

இதில் ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லை. கார்டிசால் காலையில் உச்சத்தில் இருந்து, பொழுது போகப் போகத் தானாகவே இறங்குவதும் உண்டு. அதனால் கார்டிசால் குறைந்தது முழுவதும் களிமண்ணால்தான் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கைத்திறமை ஒரு நிபந்தனை அல்ல என்பது, பணிச்சோர்வில் தவிக்கும் நம் பள்ளி ஆசிரியர்கள் காதில் விழ வேண்டிய செய்தி.

பணிச்சோர்வை அளக்க கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் 1981-இல் ஓர் அளவுகோல் தந்தார்கள். மனம் வற்றிப்போவது, எதிரில் இருப்பவர்களிடம் ஒட்டுதல் இல்லாமல் போவது, 'என்ன செய்து என்ன பயன்' என்று தோன்றுவது ஆகிய மூன்றையும் அது பார்க்கிறது. எட்டாம் வகுப்பில் இரண்டு பையன்களின் சண்டையை விலக்கிவிட்ட டீச்சர், மணி அடித்ததும் ஆறாம் வகுப்புக்குப் போய்ச் சிரித்த முகத்தோடு பின்னக் கணக்கு நடத்த வேண்டும். நடுவில் எமிஸ் என்ற கல்வித் தகவல் இணையதளத்தில் பதிவு வேறு. சண்டையில் எழுந்த படபடப்பை அவர் எங்கே இறக்கி வைப்பார்? அது தோள்பட்டையில் இறுகிக் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே வயிற்றைப் பிசையும்.

'எப்படி இருக்கீங்க டீச்சர்?' என்று கேட்டால் 'நல்லா இருக்கேன்' என்ற பதில் தயாராக இருக்கிறது. பேச்சு திறக்காத இடத்தை வேறு வழியில் திறப்பதுதான் வெளிப்பாட்டுக் கலை சிகிச்சை. 1970-களில் மாசசூசெட்ஸின் லெஸ்லி கல்லூரியில் ஷான் மெக்னிஃப், பாவ்லோ க்னில் போன்றவர்கள் இதை ஒரு துறையாக வளர்த்தார்கள். ஒரு கலையிலிருந்து இன்னொன்றுக்கு நகர்வது இதன் தனித்தன்மை. இன்றைய களைப்பு உடம்பில் எங்கே இருக்கிறது என்று கவனித்து, அதை எழுதிப் பழகாத கையால் ஒரு கோடாக இழுக்கலாம். அந்தக் கோடு எப்படி அசையும் என்று எழுந்து அசைந்து பார்க்கலாம். பிறகு உட்கார்ந்து நான்கு வரி எழுதலாம். திருத்தியே பழகிய கை உடனே ரப்பரைத் தேடும். அதைத் தேட விடாமல் பார்த்துக்கொள்வது சிகிச்சையாளரின் வேலை.

எழுதுவதன் பலனுக்குப் பழைய ஆதாரம் உண்டு. 1986-இல் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் கல்லூரி மாணவர்களிடம், மனதை அழுத்தும் அனுபவத்தை நான்கு நாள், தினம் 15 நிமிடம் எழுதச் சொன்னார்கள். நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் எழுதி முடித்த கையோடு இன்னும் வருத்தமாகத்தான் இருந்தார்கள். ஆனால் அடுத்த சில மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் போவது குறைந்தது. உணர்ச்சிக்குப் பெயர் சொல்லும்போது மூளையில் பயம், பதற்றம் போன்றவற்றில் பங்குள்ள அமிக்டலா என்ற பகுதியின் கொந்தளிப்பு தணிவதை 2007-இல் மாத்யூ லீபர்மேன் குழு ஸ்கேனில் கண்டது.

ஆனால் கலை சிகிச்சையைக் காட்டிப் பள்ளி நிர்வாகம் தப்பித்துக்கொள்ளக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி-11, பணிச்சோர்வை நோயாகச் சேர்க்கவில்லை. சரியாகக் கையாளப்படாத வேலைச்சூழல் அழுத்தத்தின் விளைவு என்கிறது. காலிப் பணியிடத்தைக் களிமண்ணால் நிரப்ப முடியாது. தூக்கமே போய்விட்டவருக்கு மருத்துவரும் வேண்டும்.

தலைமையாசிரியர் ஒருவர் இப்படிக் கலை அமர்வு தொடங்க நினைத்தால், சனிக்கிழமைப் பயிற்சியாக வைக்காமல் பள்ளி நேரத்துக்குள்ளேயே ஒரு பீரியட் ஒதுக்கட்டும். விருப்பம் இருப்பவர்கள் மட்டும் வரட்டும். வரைந்ததை யாரும் எட்டிப் பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டாம். போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடவும் வேண்டாம்.