கம்ப்யூட்டர் சர்வீஸ், நெட்வொர்க்கிங் படிக்கலாமா? பெற்றோர் அறிய வேண்டியவை



பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்துவிட்டால், ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது பெற்றோர் சிலர் காத்திருப்பார்கள். "ஹஜ்ரத், பையனுக்குப் புத்தகத்தில் நாட்டமில்லை. கம்ப்யூட்டரைக் கழற்றி மாட்டுவதில்தான் ஆசை. சர்வீஸ், நெட்வொர்க்கிங் படிக்க வைக்கலாமா?" என்று கேட்பார்கள்.

தாராளமாகப் படிக்க வைக்கலாம். கைத்தொழில் நம் மார்க்கத்தில் தாழ்வானதல்ல. அரசராகவும் நபியாகவும் இருந்த தாவூத் (அலை) அவர்கள் இரும்பில் போர்க்கவசம் செய்து, தம் கை உழைப்பில் உண்டு வாழ்ந்தார்கள் என்று குர்ஆனும் ஹதீஸும் நமக்குச் சொல்கின்றன. ஆனால் எங்கே படிப்பது, எப்படித் தொழில் செய்வது என்ற இரண்டையும் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

எங்கே படிப்பது?

"நூறு சதவீத வேலை உறுதி" என்று பலகை மாட்டிய தனியார் பயிற்சி மையத்தில் நகையை அடகு வைத்துப் பணம் கட்டிய குடும்பங்களை நான் அறிவேன். அப்படிப் படித்த ஒரு பையனிடம் நேர்முகத் தேர்வில் ஒரு கேபிளையும் கிரிம்பிங் கருவியையும் கொடுத்து, முனை போடச் சொன்னார்களாம். அவனுக்குத் தெரியவில்லை. கையில் சான்றிதழ் மட்டும் இருந்தது.

அதனால் முதலில் அரசு ஐ.டி.ஐ.யைப் பாருங்கள். பொம்மையார்பாளையம், கோட்டக்குப்பம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு விழுப்புரம், திண்டிவனம் என்று மாவட்டத்துக்குள்ளேயே அரசு ஐ.டி.ஐ.கள் உள்ளன. அங்கே பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும், சீருடை, மிதிவண்டி, பேருந்து அட்டையும் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் தனியாகக் கிடைக்கும்.

பாடப் பிரிவைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். 'கோபா' என்ற ஓராண்டுப் பிரிவு, கணினியை இயக்கவும் ஓரளவு புரோகிராம் எழுதவும் கற்றுத் தருவது. பழுதுபார்க்கும் படிப்பு அதுவல்ல. அதற்கு 'கம்ப்யூட்டர் ஹார்டுவேர் அண்ட் நெட்வொர்க் மெயின்டனன்ஸ்' என்ற ஓராண்டுப் பிரிவும், தகவல் தொடர்பு சாதனப் பராமரிப்புக்கான இரண்டாண்டுப் பிரிவும் இருக்கின்றன. எல்லா ஐ.டி.ஐ.யிலும் எல்லாப் பிரிவும் நடப்பதில்லை. விண்ணப்பிக்கும் முன் நேரில் போய்க் கேட்டுவிடுங்கள். இரண்டாண்டுப் பிரிவை முடித்தவர் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரவும் வழி உண்டு.

இந்த அடித்தளத்துக்குப் பிறகு, உலகெங்கும் மதிக்கப்படும் தேர்வுகளை எழுதலாம். ஹார்டுவேருக்கு 'காம்ப்டியா ஏ பிளஸ்', நெட்வொர்க்கிங்குக்கு சிஸ்கோவின் 'சி.சி.என்.ஏ'. இரண்டும் மூன்றாண்டுகள் செல்லும். சி.சி.என்.ஏ தேர்வுக் கட்டணம் 300 டாலர் என்பதால் அவசரப்பட்டு எழுத வேண்டாம். சிஸ்கோவின் 'பாக்கெட் டிரேசர்' மென்பொருள் இலவசம். ரவுட்டர், சுவிட்ச் வாங்காமலே அதில் வீட்டிலிருந்தபடி பயிற்சி எடுக்கலாம்.

வேலை என்ன?

எஸ்.எம்.பி.எஸ், ராம், ஹார்டு டிஸ்க் இவற்றில் எது பழுது என்று ஒவ்வொன்றாகச் சோதித்துக் கண்டுபிடிப்பது ஹார்டுவேர் வேலை. கேபிளின் எட்டு வயர்களையும் நிற வரிசைப்படி கோத்து முனை போடுவதும், ஒரு கேபிள் நூறு மீட்டரைத் தாண்டாமல் திட்டமிடுவதும், ஐ.பி. முகவரி கொடுப்பதும் நெட்வொர்க்கிங். கடையில் உட்கார்ந்துதான் செய்ய வேண்டும் என்பதில்லை. நம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடுதிகளுக்கு வைஃபை, சி.சி.டி.வி. தேவை. கடலோர உப்புக்காற்று கனெக்டர்களையும் போர்டுகளையும் அரிப்பதால் பராமரிப்பு வேலையும் தொடர்ந்து வரும்.

அமானிதம்

இந்தத் தொழிலில் நம் பிள்ளைகள் பேண வேண்டிய மூன்று விஷயங்கள் உள்ளன.

ஒன்று, பிறர் அந்தரங்கம். சர்வீஸுக்கு வரும் லேப்டாப்பில் ஒரு குடும்பத்தின் புகைப்படங்கள், வங்கி விவரங்கள் எல்லாம் இருக்கும். பழுதுக்குத் தேவையில்லாத கோப்பைத் திறப்பது அடுத்தவர் வீட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது போன்றது. கோப்பை அழித்தாலும், குயிக் பார்மட் செய்தாலும் ஹார்டு டிஸ்க்கிலிருந்து தகவலை மீட்டுவிடலாம். பழைய டிஸ்க்கை விற்கும் முன் அதை முழுமையாக அழித்துத் தருவது தொழில் செய்பவரின் பொறுப்பு.

இரண்டு, உண்மையான பழுதைச் சொல்வது. ராமைத் துடைத்து மாட்டினால் சரியாகிவிடும் என்று தெரிந்தும் மதர்போர்டு போய்விட்டது என்று பணம் வாங்குவது மோசடி. கழற்றிய பாகத்தை வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிடுங்கள்.

மூன்று, திருட்டு மென்பொருள். "எல்லோரும்தானே போடுகிறார்கள்" என்று இதைச் சாதாரணமாக நினைக்கிறோம். சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1988இல் குவைத்தில் கூடி, எழுத்து, கண்டுபிடிப்பு உரிமைகள் ஷரீஅத் பாதுகாக்கும் உரிமைகள், அவற்றில் அத்துமீறக் கூடாது என்று தீர்மானித்தது. நம் நாட்டின் பதிப்புரிமைச் சட்டமும், திருட்டு மென்பொருளைத் தெரிந்தே பயன்படுத்துபவருக்கு ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை வைத்திருக்கிறது. பணம் கட்ட முடியாத வாடிக்கையாளருக்கு உபுண்டு போன்ற இலவச லினக்ஸைப் போட்டுக் கொடுங்கள்.

திறமை இருப்பவரிடம் வாடிக்கையாளர் ஒருமுறை வருவார். நம்பிக்கைக்குரியவரிடம் தன் வீட்டுப் பெண்களின் போனையும் தயங்காமல் கொடுப்பார். வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஹலாலான, பரக்கத்தான ரிஸ்க்கைத் தந்தருள்வானாக. ஆமீன்.