வாய் திறவாத பள்ளங்கள்

பெருந்தரவு என்பது கைப்பேசி முதலிய கருவிகள் ஓயாது குவிக்கும் செய்தித் திரளாகும். அமெரிக்காவின் பாஸ்டன் நகராட்சி 2012-இல் ‘ஸ்ட்ரீட் பம்ப்’ என்னும் செயலியை வெளியிட்டது. கார் குலுங்குந்தோறும் உள்ளிருக்கும் கைப்பேசியின் முடுக்கமானி அவ்வதிர்வை உணர்ந்து, இடக்குறிப்புடன் அனுப்பும். ஒருவரும் முறையிடாமலே சாலைப் பள்ளம் தெரிந்துவிடும். சாக்கடை மூடிகளும் பள்ளமென்றே பதிவாயின! அவற்றைக் கணித முறையால் பிரித்தனர்.

கணிதம் தீர்க்காத பிழை வேறொன்று. காரும் கைப்பேசியும் இல்லாத ஏழையர், முதியோர் தெருக்களிலிருந்து குறிப்பே வாராது. வாராமையைப் பள்ளமின்மை எனக் கொள்ளின், செல்வர் தெருவே மீண்டும் செப்பமுறும். பதிவேட்டில் பெயரே இல்லாத மாணவன் வாராதவனாகவும் எண்ணப்படான் என்பதை ஆசிரியர் அறிவர். இதனை உணர்ந்த நகராட்சி, எல்லாத் தெருக்களுக்கும் செல்லும் தன் சாலை ஆய்வாளர்களிடமே செயலியை முதலில் கொடுத்தது.